தண்டவாளத்தின் கீழே

2025ம் வருஷம் ஜூலை 13ந் தேதி விடியற்காலையில், திருவள்ளூருக்கருகே டீசல் ஏற்றிச் சென்ற கூட்ஸ் வண்டி தடம் புரண்டு, 18 டாங்கிகள் தீக்கிரையாயின. உயிர்ச்சேதமில்லை. ரயில்வே சிப்பந்திகள் இராப்பகலாய் உழைத்து, ஓரிரு தினங்களில் வண்டிகள் மறுபடி ஓடச் செய்தனர். அவர்களை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் அத்துடன் காரியம் முடிந்ததென்பதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

எரிந்தது போக மண்ணில் சிந்திய எண்ணெய் என்னவாகும்? கீழிறங்கும் டீசல் நிலத்தடி ஜலத்தின்மேல் படலமாய் மிதக்கும்; அதிலுள்ள சில சரக்குகள் ஜலத்தில் கரைந்து, ஜலம் போகும் திசையில் மெல்ல நகரும். இன்று தெளிந்திருக்கும் கிணறு சில வருஷங் கழித்து நாறக்கூடும். நெடுஞ்சாலையில் டாங்கர் லாரி கவிழ்ந்தாலும் இதே கதைதான். மணலைத் தூவிப் போக்குவரத்தைத் திறந்துவிட்டால் எல்லாம் தீர்ந்ததென்பது நம்மவர் எண்ணம்.

அமெரிக்காவில், ஓஹியோ மாகாணத்து ஈஸ்ட் பாலஸ்டைன் என்னும் சிற்றூரில் நடந்ததைக் கவனிப்போம். 2023 பிப்ரவரி 3ந் தேதி இரவு நார்ஃபோக் ஸதர்ன் கம்பெனியின் ரயிலில் 38 வண்டிகள் தடம் புரண்டன. வினைல் குளோரைடு என்னும் விஷச் சரக்கை வேண்டுமென்றே திறந்துவிட்டு எரித்தார்கள். அது அநாவசியமென்று விசாரணை போர்டார் 2024ல் முடிவு கூறினர். 8ந் தேதியே ரயில் ஓடலாயிற்று. விஷ மண்ணோ தண்டவாளத்தின் கீழேயே கிடந்தது! ஊரார் கூச்சலிட்ட பின்னரே, தண்டவாளங்களைப் பெயர்த்து மண்ணை வெட்டியெடுத்தனர். ஒரு வேலை இரண்டு வேலையாயிற்று. ஆயினும் 1980ம் வருஷத்துச் சட்டமொன்று அந்நாட்டு அதிகாரிகள் கையிலிருந்தபடியால், கம்பெனி செலவைத் தட்டிக்கழிக்க இயலவில்லை.

நம் மத்திய சர்க்காரும் மாசடைந்த இடங்களைப் பற்றி 2025ல் விதிகள் வெளியிட்டிருக்கிறது. கெடுத்தவரே செலவையேற்க வேண்டுமென்பது அவற்றின் சாரம். நல்லதே. ஆனால் ரயில்வேயும் சர்க்கார், அதனிடம் கணக்குக் கேட்க வேண்டியதும் சர்க்கார்! ஆகவே ஜனங்கள்தான் கேட்க வேண்டும். எத்தனை அடி ஆழம் மண் பரிசோதிக்கப்பட்டது, எந்தெந்தக் கிணற்றில் ஜலம் எடுக்கப்பட்டது, கண்டதென்ன என்பதையெல்லாம் தமிழில் எழுதி, சுற்றுவட்டாரப் பஞ்சாயத்து ஆபீஸ்களில் ஒட்டட்டும். ஒருமுறையல்ல, மழைக்கு முன்னும் பின்னும், சில வருஷங்களுக்கேனும்.