பொம்மைக் கார் என்பவர்களுக்கு

சென்ற மாதம் ஒரு நாள் வகுப்பு முடிந்து துறை அறைக்குத் திரும்பினேன். என் நகக்கண்ணில் ஒட்டியிருந்த சாம்பல் நிறச் சாயத்தைக் கண்ட மூத்த பேராசிரியர் ஒருவர், "என்ன சார், பிள்ளைத்தமிழ் நடத்துகிற கையில் பெயிண்டா?" என்றார். ஒரு காரின் சிற்றுருவைச் செய்துகொண்டிருப்பதாகச் சொன்னேன். அறையில் சிரிப்பு எழுந்தது. "பொம்மைக் காரா! அந்த நேரத்தில் ஒரு கட்டுரை எழுதலாமே" என்றார் இன்னொருவர். நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். அப்படிச் சிரித்ததற்காக வெட்கப்பட்டு, அவர் கேட்ட கட்டுரையை இப்போது எழுதுகிறேன்.

பிள்ளைத்தமிழிலிருந்தே தொடங்குவோம். ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவம் சிறுதேர். அது பிற்காலத்தார் புதிதாகக் கண்டதன்று. பட்டினப்பாலையில், நெல்லைத் தின்ன வந்த கோழியின்மேல் மகளிர் எறிந்த பொற்குழை, சிறுவர் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேரை வழிமறிக்கிறது. நாம் ஆண்டுதோறும் இதைச் செல்வவளத்துக்குச் சான்றாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அதே புலவர், கடியலூர் உருத்திரங்கண்ணனார், பெரும்பாணாற்றுப்படையில் இன்னொரு சிறுதேரைக் காட்டுகிறார். ஏறிச் செல்ல இயலாத அத்தேரைத் தச்சர் வீட்டுச் சிறுவர்களே விரும்பும்படி செய்திருந்தார்களாம். நாள்தோறும் உளியும் மரமுமாக வளரும் பிள்ளைகளையே ஏங்க வைத்தது என்பதைவிட ஒரு கைவினைக்கு வேறென்ன பாராட்டு வேண்டும்? உருத்திரங்கண்ணனார் அந்தத் தேரைப் பொம்மை என்று ஒதுக்கவில்லை. செய்நேர்த்தி அறிந்தவராகப் பார்த்தார். அவர் பாட்டை நடத்திச் சம்பளம் வாங்கும் நமக்குத்தான் நகக்கண்ணில் சாயம் இருந்தால் நகைப்பு வருகிறது.

இந்த நகைப்பின் வேர் நேரமின்மையில் இல்லை. கையால் செய்பவரைத் தாழ்வாகவும் வாயால் பேசுபவரை உயர்வாகவும் வைக்கும் நம் பழைய நோயில் இருக்கிறது. அந்நோய் நம் எழுத்திலும் தெரிகிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு தொண்ணூற்றொன்பது பூக்களைப் பெயர் சொல்லி அழைக்கிறது. இன்றைய நம் கதைகளில் பெரும்பாலும் 'ஒரு கார் வந்து நின்றது', அவ்வளவே. என்ன கார், எத்தனை கதவு, யார் எந்தப் பக்கம் இறங்கினார் என்று எழுதுபவர்க்கும் தெரியாது, படிப்பவரும் கேட்பதில்லை. பட்டி பார்ப்பது, டிங்கரிங், வாட்டர் பேப்பர் என்று பட்டறையில் வழங்கும் சொற்களைக் கொச்சை என்று ஒதுக்கினோம். ஒதுக்கிய பிறகு, பொருளைத் துல்லியமாகச் சொல்லத் தமிழில் சொல் இல்லை என்று கருத்தரங்கில் வருந்துகிறோம்.

நான் செய்வது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த ட்ரையம்ப் ஹெரால்டை, ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் சென்னையில் தயாரித்தது. வடிவமைத்தவர் ஜொவான்னி மிக்கெலொட்டி என்ற இத்தாலியர். இரவல் வண்டிக்கு இத்தனை உருக்கமா என்று கேட்பீர்கள். ஆங்கிலேயரின் ஹெரால்டில் இருபக்கமும் ஒவ்வொரு கதவுதான். பின்னிருக்கைக்குப் போக முன்னிருக்கையை மடக்க வேண்டும். 1960களின் பிற்பகுதியில் சென்னையில் உருவான மூன்றாம் மார்க் ஹெரால்டுக்கோ நான்கு கதவுகள். அந்நான்கு கதவுகள் இந்தியாவுக்கே உரியவை. ஏன் வேண்டியிருந்தன? என் கருத்து இது: அங்கே காரை வாங்கியவர் தாமே ஓட்டினார். இங்கே வாங்கியவரில் பலர் பின்னால் அமர, ஓட்ட வேறொருவர் இருந்தார். முதலாளி முன்னிருக்கையை மடக்கிக் குனிந்து ஏறுவாரா? ஆக, அந்தக் கூடுதல் கதவுகள் ஒரு சமூகத்தின் அளவுகோல்.

என் தந்தை அத்தகைய ஓட்டுநர். இவ்வூர் வணிகர் ஒருவரின் ஹெரால்டைப் பல ஆண்டுகள் ஓட்டினார். அவ்வண்டி பழைய இரும்புக்குப் போய்விட்டது. எஞ்சியது, பின்பாதி சட்டத்துக்கு வெளியே போய்விட்ட ஒரே ஒரு புகைப்படம்.

எனக்குக் கிடைத்த சிற்றுரு 1:43 அளவில் துத்தநாகக் கலவையில் வார்த்த பழைய ஆங்கிலப் பொருள். ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் நீளம். அதுவும் இரண்டு கதவு வண்டியே. சாயத்தைக் கரைத்து நீக்கி, பழைய கதவுக் கோடுகளைப் பட்டி வைத்து அடைத்து, 400, 800, 1200 என்று வாட்டர் பேப்பரை மாற்றி மாற்றி நீர்விட்டுத் தேய்த்தேன். பிறகு முன்கதவைக் குறுக்கி, பின்கதவுக்கு இடம்விட்டு, கூராக்கிய எஃகு ஊசியால் புதிய கோடு கீற வேண்டும். உண்மைக் காரில் கதவு இடைவெளி 4 மில்லிமீட்டர் என்றால், இதில் அது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. சாயப் பூச்சு அதே பத்தில் ஒரு பங்கு தடித்தாலோ, காருக்கு 4 மில்லிமீட்டர் தடிப்பில் சுண்ணாம்பு பூசியதற்குச் சமம். கோடு மறைந்து கதவே இல்லாமல் போகும். எனவே மெல்லிய பூச்சு, காயும்வரை காத்திருத்தல், மறுபடி மெல்லிய பூச்சு. பாடவேறுபாடு பார்ப்பவர்களுக்கு இந்தப் பொறுமை புரிந்திருக்க வேண்டும்.

கதவு எங்கே முடிகிறது என்று எந்த நூலகமும் எனக்குச் சொல்லவில்லை. நெல்லித்தோப்பில் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் சொன்னார். தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து, "வாத்தியாரே, இந்த வளைவை நேராக்கிடாதீங்க, அங்கதான் வண்டியோட முகமே இருக்கு" என்றார். முனைவர் பட்ட ஆய்வேடுகளில் இப்படி ஒரு வரியை நான் அதிகம் பார்த்ததில்லை.

சேகரிப்பாளர்களோடும் எனக்கு வழக்கு உண்டு. "பழைய பொருள், அப்படியே வைத்திருந்தால் விலை ஏறும், கெடுத்துவிட்டீர்களே" என்கிறார்கள். பெட்டியைத் திறக்காமல் விலை ஏறக் காத்திருப்பது வாணிகம்; அதற்குக் கலை என்று பெயர் சூட்ட வேண்டாம். இன்னும் சிலர் தொழிற்சாலை தந்த நிறத்தைத் தவிர வேறு நிறம் கூடாது என்கிறார்கள். தந்தை ஓட்டிய வண்டி பச்சையாக வந்து, பின்னர் பட்டறையில் பாலேட்டு நிறம் பூசிக்கொண்டது. எது மூலபாடம்? இரண்டும்தான். பச்சை பூசி, அதன்மேல் பாலேட்டு நிறம் பூசுகிறேன்.

கடைசியாக நம் ஊர். மஞ்சள் சுவர், பிரெஞ்சுப் பெயர்ப்பலகை, அதன்முன் புகைப்படம் எடுக்க ஒரு பழங்கார் என்று புதுச்சேரியின் பழமை கடற்கரைக்கு அருகே நன்றாக விற்கிறது. விற்கட்டும். ஆனால் அந்தப் படத்தில் ஓட்டுநர் எங்கே? நம் அருங்காட்சியகத்தில் பூஸ்பூஸ் வண்டி இருக்கிறது. ஒருவர் அமர்ந்திருக்க, மற்றொருவர் பின்னின்று தள்ளும் வண்டி. பார்ப்பவர் எல்லாரும் அமர்ந்தவரின் இருக்கையைத்தான் பார்க்கிறார்கள். தள்ளியவரின் கைபட்டுத் தேய்ந்த இடத்தை யாரும் தேடுவதில்லை. பாரம்பரியம் என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பகுதி இருக்கையின் வரலாறு. கைப்பிடியின் வரலாறு எழுதப்படவே இல்லை.

இப்பொழுதுபோக்கு எல்லோர்க்கும் கட்டுப்படியாகாது என்பது உண்மை. ஒரு சிற்றுரு எந்த அநீதியையும் சரிசெய்யாது என்பதும் உண்மை. ஆனால் செய்து பார்க்கும்போது மட்டுமே எழும் கேள்விகள் உண்டு. கதவு எத்தனை என்று எண்ணியிராவிட்டால், அது ஏன் நான்கானது என்று நான் கேட்டிருக்க மாட்டேன். வில்லியனூர்ச் சுடுமண் கலைஞரிடமும் திருக்கனூர்க் காகிதக்கூழ்க் கலைஞரிடமும் நம் மாணவர்களை ஒரு பருவம் அனுப்பிப் பாருங்கள். சிறுதேர்ப் பருவத்துக்கு அவர்கள் எழுதும் விடை வேறாக இருக்கும்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. வலப்பக்க முன்கதவின் கைப்பிடிக்குக் கீழே, பாலேட்டு நிறத்தைக் குண்டூசித் தலையளவு தேய்த்து, உள்ளிருக்கும் பச்சை தெரியச் செய்ய வேண்டும். தந்தை நாள்தோறும் கை வைத்த இடம் அது. பின்கதவில் அப்படித் தேய்க்கப் போவதில்லை. முதலாளிக்கு அந்தக் கதவையும் அவரே திறந்துவிட்டார். ஆனால் அந்தப் பக்கத்துத் தேய்மானத்தை உடனுக்குடன் பட்டறையில் சரிசெய்துவிடுவார்கள்.

வேலை முடிந்ததும் துறை அறைக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைக்கிறேன். நண்பர்கள் அப்போதும் பொம்மை என்று சொல்லலாம். சொல்வதற்கு முன் கதவுகளை ஒருமுறை எண்ணிவிட்டுச் சொல்லுங்கள்.