அயல்நாட்டுச் சரக்கும் மறைந்து நிற்கும் செலவும்

பட்டு நூலையோ சாயத்தையோ அயல்நாட்டிலிருந்து வரவழைக்குங்கால், விலைப்பட்டியலில் கண்ட டாலர் தொகையே முழுக் கிரயமென்று நாம் எண்ணிவிடுகிறோம். அஃது உண்மையன்று. பாங்கு நமக்கு டாலரை விற்கும் விகிதம் சந்தை விகிதத்தைவிடச் சற்று உயர்ந்தே இருக்கும். 10,000 டாலர் அனுப்புகையில் டாலருக்கு ஒரு ரூபாய் கூடினால் சங்கத்துக்கு நஷ்டம் 10,000 ரூபாய். இது கட்டணமென்று தனியே எழுதப்படாமையால் கண்ணுக்குத் தெரிவதில்லை. அனுப்பும் கட்டணமும் வரியும் வேறு. இடையிலுள்ள பாங்குகள் தம் பங்கைப் பிடித்துக்கொண்டு விற்றவருக்குக் குறைவாகச் சேர்ப்பின், அக்குறையையும் நாமே ஈடு செய்ய நேரிடும்.

தவணையிலும் அபாயம் உண்டு. 1966 ஜூன் 6ஆம் தேதி ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டபோது, 4 ரூபாய் 76 காசாயிருந்த டாலர் 7 ரூபாய் 50 காசாயிற்று. 10,000 டாலர் கடன் 47,600 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 75,000 ரூபாயாகிவிட்டது.

ஆகவே நிர்வாகக் குழுவினருக்கு நாம் கூறுவது இது: ஒரே நாளில் இரண்டு மூன்று பாங்குகளிடம், எல்லாம் அடங்க எத்தனை ரூபாய் என்று எழுத்து மூலம் கேளுங்கள். இடைப் பாங்குக் கட்டணம் யாரைச் சார்ந்தது என்பதை முன்னரே முடிவு செய்யுங்கள். தவணைக்கு வாங்கினால் விகிதத்தை முன்னொப்பந்தத்தால் உறுதி செய்துகொள்வது பற்றி ஆலோசியுங்கள். அங்கத்தினர்களும் பொதுக்குழுவில் இக்கணக்கைக் கேட்கத் தயங்கலாகாது. மறைந்த செலவு இறுதியில் நெசவாளியின் கூலியிலேயே கழிகிறது.