அறங்காவலா, நம்பிக்கையா?

‘அமைப்பியல்’ சரியா, ‘அமைப்பியல்வாதம்’ சரியா என்று சிற்றிதழ்களில் பக்கம் பக்கமாக மல்லுக்கட்டியவர்கள் நாம். அந்தச் சண்டைகளை இகழவில்லை. ஆனால் எண்ணூர் முகத்துவாரத்தில் வலை வீசுகிறவரின் வாழ்வைத் தீர்மானிக்கும் உச்ச நீதிமன்றக் கோட்பாடுகள் தமிழில் என்ன கதியில் கிடக்கின்றன என்று நாம் கவலைப்பட்டதே இல்லை.

1996இல் கமல்நாத் வழக்கில் நீதிமன்றம் சொன்னது: காற்றுக்கும் கடலுக்கும் ஆற்றுக்கும் அரசு உடைமையாளர் அல்ல; மக்கள்பொருட்டு அவற்றைக் காக்கும் அறங்காவலர் மட்டுமே. தமிழில் இது ‘பொது நம்பிக்கைக் கோட்பாடு’ என்று எழுதப்படுகிறது. ‘டிரஸ்ட்’ என்றதும் அகராதியில் முதலில் கண்ணில்பட்ட பொருளை எடுத்து ஒட்டியாயிற்று. (நாமும் ஒருகாலத்தில் அப்படித்தான் எழுதினோம்.) யார் யாரை நம்புவது? கோயில் நிலத்தை அறங்காவலர் தன் இஷ்டத்துக்கு விற்க முடியாது என்பது திருவொற்றியூர்த் தேரடியில் பூ விற்கும் பெண்ணுக்குத் தெரியும். கொசஸ்தலையாற்றுக் கழிமுகமும் அப்படிப்பட்ட சொத்துதான் என்றால், அங்கே அனல்மின் நிலையச் சாம்பல் படிந்ததற்கு யாரைக் கேட்க வேண்டும் என்பதும் அவருக்கு விளங்கிவிடும். ஈராயிரம் ஆண்டு மொழி என்று மேடையில் மார்தட்டுகிறோம்; கையிலிருந்த சொல்லை எடுத்துத்தரத் துப்பில்லை.

அடுத்தது ‘முன்னெச்சரிக்கைக் கோட்பாடு’. பாலாற்றைப் பாழாக்கிய தோல் பதனிடும் ஆலைகள் குறித்த வேலூர் வழக்கில், 28.8.1996 அன்று நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு இதை நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்றது. தமிழ் மண்ணில் விளைந்த வழக்கு! ராயபுரத்தில் முன்னெச்சரிக்கை என்றால் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவது. ஒதுங்க வேண்டியவர் மீனவர். தீர்ப்போ நேர்மாறாகப் பேசுகிறது. தீங்கு நேராது என்று மெய்ப்பிக்கும் சுமை ஆலை நடத்துகிறவர்மீது. அறிவியல் ஐயம் தீரட்டும் என்று தடுப்பைத் தள்ளிப்போடக் கூடாது. நம் சொல்லில் அந்தச் சுமை இடம் மாறிவிட்டது.

‘மாசுபடுத்துபவர் செலுத்துக’ என்பது இன்னும் மோசம். வீட்டுவரி கட்டச் சொல்வதுபோல் ஒலிக்கிறது. காசு கட்டினால் கெடுக்கலாம் என்றும் ஆகிறது. பாதிக்கப்பட்டவருக்கு ஈடு தருவதோடு, கெட்ட சூழலை மீட்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்பதே வேலூர்த் தீர்ப்பு. ‘கெடுத்தவரே மீட்டுத்தருக’ என்றால் என்ன குறைந்துவிடும்? 2017 ஜனவரியில் இரு கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் பரவியபோதும் அந்தக் கறுப்பை வாளியால் அள்ளியவர்களில் மீனவர்களும் இருந்தார்கள்.

அதே 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. ஆபத்தான தொழிலில் விபத்து நேர்ந்தால் விதிவிலக்கே இல்லாத பொறுப்பு என்று டெல்லி ஓலியம் வழக்கில் 1986லேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘முழுப் பொறுப்பு’ என்று நாம் எழுதினால், கூடுதல் பொறுப்பு வகிக்கும் அதிகாரிதான் நினைவுக்கு வருகிறார்.

இது வழக்கறிஞர் வேலை, இலக்கியக்காரர்களுக்கு என்ன என்பார்கள். உச்ச நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம் என்று அரசமைப்பின் 348ஆம் உறுப்பையும் காட்டுவார்கள். சரி. ஆனால் 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எண்ணூர்க்காரர் எழுந்து தமிழில்தான் பேசுகிறார். ஒலிவாங்கி அவர் கையில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு, ‘அறங்காவலர்’ என்ற சொல்லையாவது நாம் கொடுத்திருக்கலாம்.