கணிப்பொறி வாயிலில் தமிழ்

வீட்டு முகப்பில் தூய தமிழ்ப்பெயரைப் பொறித்து வைத்திருக்கும் தமிழரை, உள்ளேயிருக்கும் கணிப்பொறி ஆங்கிலத்திலேயே வரவேற்கின்றது. பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் நுழைவுத்திரையே அவர் நாடோறும் முதலிற் காண்பது. அதனை மாற்றவியலாது எனப் பலர் ஒதுங்கிவிடுகின்றனர். லினக்சு இயங்குதளத்தைப் பொறுத்தவரை அஃது உண்மையன்று. பின்லாந்து மாணவர் லினசு தோர்வால்ட்சு 1991-இல் தொடங்கிய அம் முயற்சியைச் சூழ்ந்து வளர்ந்த நுழைவுத்திரை நிரல்களை எவரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம்.

அவ்வுரிமை இன்று எதற்குப் பயன்படுகின்றது? பெரும்பாலும் பின்புலப் படத்தை மாற்றுவதற்கே! லைட் டி.எம். என்னும் நிரல் ஆளும் திரையாயின், அமைப்புக் கோப்பில் ஒரு வரியைத் திருத்தினாற் போதும். திருத்திய பின்னும் படம் தோன்றாதாயின் வியக்க வேண்டா. நுழைவுத்திரை தனியொரு கணக்கில் இயங்குவது. பயனரின் தனி அடைவிற்குள் எட்டிப் பார்க்கப் பல அமைப்புகளில் அதற்கு இசைவில்லை. படத்தைப் பொது அடைவிலேயே வைத்தல் வேண்டும். க்னோம் திரையோ இத்துணை இணக்கமானதன்று. அதன் தோற்றம் ஒரே கோப்பில் கட்டப்பட்டுளது. சின்னமும் வரவேற்புரையும் மட்டும் எளிதில் இடலாம். அவ்வரவேற்புரையையேனும் தமிழில் எழுதத் தடையேதுமில்லை.

படம் மாறிற்று, மொழி மாறிற்றா? தம் கணக்கிற்குத் தமிழைத் தேர்ந்தவர்க்கும் வாயிலில் ஆங்கிலமே நிற்கும். நுழைவுத்திரை பின்பற்றுவது தனிப் பயனரின் மொழியையன்று. பொறி முழுமைக்கும் உரிய மொழியையே. உபுண்டுவில் மொழிப் பட்டியலின் தலையில் தமிழை நிறுத்துவதோடமையாது, அதனை அமைப்பு முழுமைக்கும் பொருத்தும் கட்டளையையும் சொடுக்குதல் வேண்டும். ஆங்கிலம் அறியாத தாயும் அதன்பின் தாமே பொறியைத் திறப்பார். தன்னார்வலர் ஊதியமின்றி ஆண்டுக்கணக்கில் ஆக்கிய தமிழாக்கம், ஒரு சொடுக்கின்மையால் முடங்கிக் கிடப்பது இரங்கத்தக்கது.

கடவுச்சொல்லையும் தமிழெழுத்திலேயே வைக்கும் வேட்கை சிலர்க்கு எழும். அது மட்டும் வேண்டா. தமிழ்ப்பற்றுக்கு இஃது இழுக்கன்று, எச்சரிக்கையே. வரைகலைத் திரை பழுதுற்றால் எஞ்சுவது வெறும் எழுத்துத்திரை. அதில் தமிழை உள்ளிட இயல்பாக வழியில்லை. வீட்டுக்குரியவரே வெளியே நிற்க நேரும். விசைப்பலகை வரிசையில் தமிழ்99-ஐ முதலில் வைத்தாலும் இடரே. உரோம எழுத்துக் கடவுச்சொல்லை அடிக்குங்கால், திரையிற் புள்ளிகளே தெரியும். அவற்றின் பின்னே விழுவன தமிழெழுத்துகள். சொல் தவறெனப் பொறி மீண்டும் மீண்டும் மறுக்க, அடித்தவர் தம் நினைவையே ஐயுறுவார். ஆதலின் உரோம விசையமைப்பு முதலிலும் தமிழ்99 அடுத்தும் நிற்றல் நன்று. வரிசை முன்னரே மாறிப் போயிருப்பின், திரையிலுள்ள விசைப்பலகைக் குறியைச் சொடுக்கி அமைப்பை மாற்றி மீண்டும் அடித்தால் கதவு திறந்துவிடும்.