டிபனையும் காபியையும் கொஞ்சம் பிரித்து வையுங்கள்!

"கீரை சாப்பிடுறேன், பீட்ரூட் சாப்பிடுறேன், தினமும் ராத்திரி ரெண்டு பேரீச்சம்பழம் சாப்பிடுறேன்... அப்புறமும் ரத்தம் இல்லேன்னா, நான் என்னதான் பண்றது டாக்டர்?"

என் அண்ணி இப்படிக் கேட்டபோது அவர் குரலில் அழுகை முட்டிக்கொண்டு நின்றது. கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு. ஹீமோகுளோபின் 8.2. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது என்று ஒரு வருஷமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். "நாற்பது தாண்டியாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று நாங்களும் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தோம். நானும்தான்!

அந்த லேடி டாக்டர் மூன்றே மூன்று கேள்விகள் கேட்டார்.

"மாதவிலக்கு எத்தனை நாள் இருக்கு?"

"ஏழெட்டு நாள் இருக்கும். அதிகமாத்தான் போகும்."

"காபி எப்பெப்போ குடிப்பீங்க?"

"எழுந்ததும் ஒண்ணு. டிபனோட ஒண்ணு. மத்தியானம் சாப்பிட்டு முடிச்சதும் அரை டம்ளர். சாயங்காலம் சுண்டலோட டீ."

"வீட்டுல கீரை பண்ற அன்னிக்கு உங்க தட்டுல எவ்வளவு விழும்?"

அண்ணி பதில் சொல்லவில்லை. கூடப் போயிருந்த எனக்கும் வாய் வரவில்லை. அந்த வீட்டில் நான் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன். எல்லோரும் எழுந்த பிறகு, கடாயின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் கீரையில் சாதத்தைப் போட்டுப் பிசைந்து சாப்பிடும் அண்ணியைத்தான் எனக்குத் தெரியும்.

அந்த மூன்று கேள்விகளில்தான் விஷயம் முழுக்க இருக்கிறது. அதை நம் வாசகிகளிடம் (வாசகர்களிடமும்தான்!) சொல்லவே இந்தக் கட்டுரை.

தின்பது வேறு, ஒட்டுவது வேறு

2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். ரத்தசோகைக்குக் காரணங்கள் பல. அவற்றில் முக்கியமானது இரும்புச்சத்துக் குறைவு.

இத்தனைக்கும் நம் சமையலறையில் இரும்புக்குப் பஞ்சமில்லை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணையைப் பார்த்தால், 100 கிராம் முருங்கைக்கீரையிலும் கேழ்வரகிலும் சுமார் நாலரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. கம்பில் ஆறுக்கு மேல். கொள்ளில் எட்டுக்கு மேல். எள்ளில் பதின்மூன்றுக்கும் மேல்! ஆனால் நாம் வயிறு நிறையச் சாப்பிடும் வெள்ளை அரிசியில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. சிவப்பாக இருப்பதால் 'ரத்தம் ஊறும்' என்று நம்பி ஜூஸ் போட்டுக் குடிக்கும் பீட்ரூட்டிலும் ஒரு மில்லிகிராமுக்குக் குறைவுதான். மாதுளையில் அதைவிடக் குறைவு. இரண்டு பேரீச்சம்பழம்? அதிலும் ஒரு மில்லிகிராம் தேறாது. இவையெல்லாம் நல்ல உணவுகள்தான், சாப்பிடுங்கள். அவற்றை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள் என்கிறேன்.

இன்னொரு சங்கடமும் உண்டு. கீரை, தானியம், பருப்பில் இருக்கும் இரும்பு முழுவதும் உடம்பில் சேர்வதில்லை. 100 பங்கு உள்ளே போனால் பத்துப் பங்கு ஒட்டுவதே பெரிய காரியம். ஆக, 'எவ்வளவு சாப்பிட்டோம்' என்பது பாதிக் கணக்குதான். 'எதனோடு சாப்பிட்டோம்' என்பது மீதிக் கணக்கு.

காபி செய்யும் வேலை

டிபன்-காபி என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய ஊர் நம்முடையது. அங்கேதான் இரும்பு கைநழுவிப் போகிறது. காபியிலும் டீயிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் குடலில் இரும்பைப் பிடித்துக் கட்டிவிடுகின்றன. அப்புறம் அது ரத்தத்துக்குப் போகாது, கழிவோடு போய்விடும்.

இதை 1983இல் அமெரிக்காவில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஹாம்பர்கர் சாப்பாட்டோடு ஒரு கப் காபி குடித்தபோது, உடம்பில் சேரும் இரும்பு 39 சதவிகிதம் குறைந்தது. டீ குடித்தபோது 64 சதவிகிதம்! இன்னொன்றும் தெரிந்தது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் காபி குடித்தால் பாதிப்பு இல்லை. ஆனால் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தாலும், கூடவே குடித்த அளவுக்குப் பாதிப்பு இருந்தது.

காபியை விட்டுவிடச் சொல்கிறேனா? ஐயோ, அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்! நானும் டிகாக்ஷன் வாசனையில்தான் கண் விழிக்கிறேன். நேரத்தை மாற்றுங்கள், போதும். ஆறு மணிக்கு எழுந்ததும் ஒரு காபியா? தாராளமாகக் குடியுங்கள். எட்டு மணி டிபனுக்கு அது தொந்தரவு தராது. டிபனோடு குடிக்கும் இரண்டாவது காபியைப் பத்தரை மணிக்குத் தள்ளுங்கள். சாப்பாட்டுக்கு முன் ஒரு மணி, பின் இரண்டு மணி... இந்த இடைவெளியை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைகொடுக்கும் எலுமிச்சை

காபி எதிரி என்றால், வைட்டமின் சி கூட்டாளி. கீரை, பருப்பில் உள்ள இரும்பு உடம்பில் சேர அது கைகொடுக்கிறது. இதற்காக மாத்திரை வாங்க வேண்டாம். எலுமிச்சை, பெரிய நெல்லிக்காய், கொய்யா, தக்காளி, பச்சைக் கொத்தமல்லி, மாங்காய் என்று எல்லாம் நம் காய்கறிக் கூடையிலேயே இருக்கின்றன.

முருங்கைக்கீரைப் பொரியலை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சம்பழம் பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி வீணாகிவிடும். இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி அரைக்கும்போது ஒரு பிடி கொத்தமல்லியையும் பச்சையாகவே சேர்த்து அரையுங்கள். மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு கொய்யாத் துண்டு கடியுங்கள்.

மெரினாவில் தேங்காய், மாங்காய், பட்டாணி சுண்டல் விற்கிறார்களே, அவர்களுக்கு இந்தக் கணக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பட்டாணியில் இரும்பு, மாங்காயில் வைட்டமின் சி. எவ்வளவு பொருத்தமான ஜோடி! நாம்தான் வீட்டில் அதே சுண்டலைக் கிண்ணத்தில் போட்டுப் பக்கத்தில் டீயை வைத்துக்கொள்கிறோம்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம். மீன், கறி, ஈரல், சுவரொட்டி இவற்றில் உள்ள இரும்பு சுலபமாகச் சேரும். கூடவே சாப்பிடும் கீரை, பருப்பின் இரும்பையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். கர்ப்பிணிகள் மட்டும் ஈரலை அளவுக்கு மீறிச் சாப்பிடக் கூடாது. அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.

இலுப்பச்சட்டி எங்கே போச்சு?

எங்கள் பாட்டி வாணலியை 'இலுப்பச்சட்டி' என்பார். இலுப்ப மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இருப்புச்சட்டி, அதாவது இரும்பாலான சட்டி, பேச்சுவழக்கில் அப்படி ஆகிவிட்டது. இன்று சட்டி எவர்சில்வராகவும் நான்-ஸ்டிக்காகவும் மாறிவிட்டது. பேரில் இருந்த இரும்பு பாத்திரத்தில் இல்லை.

இரும்புப் பாத்திரத்தில் சமைத்தால் உணவில் இரும்பு இறங்குவது நிஜம். 1986இல் டெக்சாஸில் நடந்த ஆய்வு ஒன்றில், இரும்புச்சட்டியில் சமைத்த ஆப்பிள் மசியலில் 100 கிராமுக்கு 0.35 மில்லிகிராமாக இருந்த இரும்பு 7.38 ஆக உயர்ந்தது. எத்தியோப்பியாவில் குழந்தைகளுக்கு ஒரு வருஷம் இரும்புப் பாத்திரத்தில் சமைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அலுமினியப் பாத்திரத்தில் சமைத்ததைச் சாப்பிட்ட குழந்தைகளைவிட இவர்களுக்கு ஹீமோகுளோபின் நன்றாகவே ஏறியது. அந்த ஆய்வு 1999இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது.

புளிப்பும் நீரும் இருந்து, கொஞ்ச நேரம் கொதிக்கிற பண்டத்தில்தான் இரும்பு அதிகம் இறங்கும். தக்காளித் தொக்கு, வத்தக்குழம்பு, புளிக்காய்ச்சல் இதற்குத் தோது. தோசைக்கல்லில் இறங்குவது கொஞ்சம்தான். இறக்கியதும் குழம்பை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். சட்டியிலேயே விட்டால் கறுத்து, இரும்பு வாடை அடிக்கும். புதுச் சட்டியை இரண்டு மூன்று நாள் கழுநீரில் ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவி, வெங்காயம் வதக்கிப் பழக்குங்கள். கழுவியதும் ஈரம் போகத் துடைத்து எண்ணெய் பூசி வைத்தால் துரு அண்டாது.

ஊறவைப்பது, முளைகட்டுவது, மாவு புளிக்கவைப்பது எல்லாமே இரும்புக்கு உதவி செய்கிற வேலைகள்தான். தானியத்திலும் பருப்பிலும் உள்ள 'ஃபைட்டேட்' என்ற பொருளும் இரும்பைக் கட்டிப்போடும். ஊறி, முளைவிட்டு, புளிக்கும்போது அது குறைகிறது. ஆகவே கொள்ளை ராத்திரியே ஊறப்போடுங்கள். கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, அரைத்துக் கஞ்சி காய்ச்சுங்கள். அவசரத்துக்கு ஆப்பச்சோடா போட்ட மாவைவிட, ராத்திரி முழுக்கப் பொங்கிய இட்லி மாவு எவ்வளவோ மேல்.

யார் தட்டில் விழுகிறது?

இதுவரை சொன்னதெல்லாம் சமையல். இனிமேல் சொல்லப்போவது குடும்ப விஷயம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஓர் ஆணுக்கு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்பு வேண்டும். மாதவிலக்கு வரும் வயதுப் பெண்ணுக்கு 29. ஏறக்குறைய ஒன்றரை மடங்கு! ஆனால் பரிமாறும்போது நடப்பது என்ன? "அவர் ஆபீஸ் போறவர்", "பையன் வளர்ற பிள்ளை" என்று கீரையும் ஈரலும் அந்தப் பக்கம் போகின்றன. அம்மாவுக்கு அடிச்சட்டி ரசம். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவருக்குத்தான் இரும்பு அதிகம் தேவைப்படுகிறது.

இதைத் தியாகம் என்று பாராட்டிப் பாராட்டியே பெண்களை நோயாளி ஆக்கிவிட்டோம் என்பது என் அபிப்பிராயம். பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தால் தூங்கி விழும் மகளை 'சோம்பேறி' என்று திட்டுவதற்கு முன்னால், அவளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். சமைத்து முடித்ததும் உங்கள் பங்குக் கீரையை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் பரிமாறுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாத்திரையை ஒதுக்காதீர்கள்

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஹீமோகுளோபின் எட்டுக்கு இறங்கிய பிறகு கீரையால் மட்டும் ஏற்ற முடியாது. டாக்டர் தரும் மாத்திரை அவசியம். அதைக் காபி, டீ, பாலோடு விழுங்காதீர்கள். மலம் கறுப்பாகப் போனால் மாத்திரையின் இரும்புதான் காரணம், பயப்படாதீர்கள். மகள் பள்ளியில் வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால், அவள் விழுங்குகிறாளா, பையில் போட்டுக்கொள்கிறாளா என்று கேளுங்கள். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேசியக் குடற்புழு நீக்க நாள்கள். கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சும் ஜாதி. ஆகவே அந்த மாத்திரையையும் தவறவிடாதீர்கள்.

ரத்தம் எங்காவது கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். அதிகப்படியான மாதவிலக்கு, மூலம், வயிற்றுப் புண் எல்லாம் காரணமாக இருக்கலாம். ஆண்களுக்கோ, மாதவிலக்கு நின்ற பெண்களுக்கோ ரத்தசோகை வந்தால் கட்டாயம் டாக்டரிடம் காட்டிக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். பி12 குறைவு, தலசீமியா போன்றவற்றாலும் ரத்தசோகை வரும். அதனால் நீங்களாகவே கடையில் இரும்பு டானிக் வாங்கிக் குடிக்க வேண்டாம்.

அண்ணிக்கு டாக்டர் மாதவிலக்குக்கும் வைத்தியம் பார்த்தார், நாலு மாதம் இரும்பு மாத்திரையும் கொடுத்தார். இப்போது 11.6. மாத்திரை ஏற்றிக் கொடுத்ததை இறங்காமல் காப்பாற்றுவது சமையலறையின் பொறுப்பு. பரணிலிருந்த இரும்புச்சட்டி கீழே இறங்கிவிட்டது. இரண்டாவது காபி பத்தரை மணிக்கு.

போன வாரம் போயிருந்தேன். மத்தியானம் முருங்கைக்கீரை. அண்ணி வழக்கம்போல எல்லோருக்கும் பரிமாற எழுந்தார். "நீ உட்காரும்மா" என்று சொல்லி, அவர் மகன் முதல் கரண்டியை அவர் தட்டில் போட்டான். எலுமிச்சையும் பிழிந்தான்.

இன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன கீரை? முதல் கரண்டி யாருக்கு?