டயரைக் கல்லாக்காதீர்கள்



"சார், சுகர் வந்துடுச்சு, டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொல்றார், எந்த சைக்கிள் வாங்கலாம்?" என்று இந்த வருடம் மட்டும் நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். வாங்கியவர்களில் பாதிப் பேர் இரண்டே மாதத்தில் நிறுத்தியும் விட்டீர்கள். ஏன் என்றால் ஒரே பதில்தான்: இடுப்பு வலி, உள்ளங்கை மரத்துப் போகிறது, ரோடு சரியில்லை.

ரோட்டை நாளைக்கே நம்மால் சரி செய்ய முடியாது. டயரை மாற்ற முடியும். கடைக்குப் போனால் கியர் எத்தனை, என்ன நிறம் என்று கேட்கிறோம். டயரைப் பற்றிக் கேட்பதில்லை. ஜல்லி பெயர்ந்த நம் கிராமத்து ரோடுகளுக்கு முதலில் பார்க்க வேண்டியதே டயர்தான் என்பது என் கருத்து. அகலமாக, வழுவழுப்பாக, அமுக்கினால் வளைந்து கொடுப்பதாக இருக்க வேண்டும்.

இன்று வாங்குகிறவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு சாரார் பந்தய சைக்கிளைப் பார்த்து விரல் தடிமன் டயர் வாங்கி, கல் மாதிரி காற்று அடிக்கிறார்கள். இன்னொரு சாரார் டிராக்டர் டயர் போலக் கட்டை கட்டையாக இருப்பதை வாங்குகிறார்கள். முன்னது உடம்பை உலுக்கும். பின்னது தார் ரோட்டில் "உர்ர்ர்" என்று இரைந்துகொண்டு காலை இழுக்கும்.

"கெட்டியாக அடித்தால்தானே சார் வேகமாகப் போகும்?" என்பீர்கள். கண்ணாடி போன்ற தரையில் அது ஓரளவு சரி. கரடுமுரடான ரோட்டில் நடப்பது வேறு. கெட்டி டயர் ஒரு கல்லின் மேல் ஏறும்போது உங்களையும் சைக்கிளையும் சேர்த்து மேலே தூக்குகிறது. தூக்கும் சக்தி எங்கிருந்து வருகிறது? உங்கள் காலில் இருந்துதான். உடம்பு குலுங்கும்போது தசைகளில் அந்தச் சக்தி வெப்பமாக வீணாகிறது. வளைந்து கொடுக்கும் டயர் அந்தக் கல்லைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. நீங்கள் நேராகப் போய்க்கொண்டே இருக்கிறீர்கள்.

1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப், மகனுடைய மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் செய்து கொடுத்தது, கெட்டி ரப்பர் சக்கரத்தின் குலுக்கலைப் போக்கத்தான். அதைக் கல்லாக்கும் வரை காற்று அடிப்பது அவர் கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதற்குச் சமம்.

பந்தயக்காரர்களே மாறிவிட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் சாலைப் பந்தயங்களில் 23 மி.மீ. டயர்தான் வழக்கம். இன்று 28, 30 மி.மீ. சாதாரணம். பிரான்சில் கல் பாவிய பாதைகளில் நடக்கும் பாரிஸ்–ரூபே பந்தயத்தில் 32 மி.மீ. போன்ற அகல டயர்களைப் போடுகிறார்கள், காற்றையும் குறைத்து.

நமக்கு அகல டயர் புதிதல்ல. 1991இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து நம் மாவட்டப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டைக்குள் வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் போதாமல் பலர் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அந்தப் பெரிய சைக்கிளின் டயர் 28 × 1½. அகலம் 40 மி.மீ. பிள்ளையும் குடமும் சுமந்து மண் ரோட்டில் போக அந்த அகலம் உதவியது. அதன் குறை ஒன்றுதான்: தடித்த உடம்பு, கனம்.

இங்கேதான் இரண்டாவது விஷயம். டயருக்குள் நூல் இருக்கிறது. முரட்டு நூல் டயர் கோணிச்சாக்கு மாதிரி, மடங்காது. மெல்லிய நூல் டயர் நல்ல வேட்டி மாதிரி, சொன்னபடி மடங்கும். மடங்கி நிமிரும் ஒவ்வொரு தடவையும் வீணாகும் சக்தி அதில் குறைவு. ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று சில டயர்களில் போட்டிருப்பார்கள். 27 என்றால் முரடு, 60 நடுத்தரம், 120 மிக மென்மை. அச்சடித்திருக்காவிட்டால் பக்கவாட்டை இரு விரலால் மடக்கிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

"மெல்லிய டயரில் முள் குத்துமே?" நியாயமான கேள்வி. சீமைக்கருவேல முள் எந்த டயரையும் விட்டு வைப்பதில்லை. ஆனாலும் முள் அதிகமுள்ள பாதையில் தினமும் போகிறவர்கள் 120க்குப் போக வேண்டாம்; 60 இழை போதும், உள்ளே ஒரு லைனர் போட்டுக்கொள்ளுங்கள். குழியில் இறங்கி ரிம் இடித்து ட்யூப் கிழிவது அகல டயரில் குறைவு.

வாங்கும்போது ஒரு கணக்குப் பாடம். 26 × 1⅜ வேறு, 26 × 1.375 வேறு. கணக்கில் இரண்டும் சமம். சைக்கிள் கடையில் சமம் இல்லை, ரிம்மின் அளவே வேறு. அதே போல பழைய 28 அங்குல டயர் இப்போதைய 700சி ரிம்முக்குப் பொருந்தாது. பக்கவாட்டில் 37-590, 40-635 என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், இரண்டும் மி.மீ. இரண்டாவது எண் மாறவே கூடாது. முதல் எண்ணைக் கூட்டலாம், ஃபோர்க்கிலும் மட்கார்டிலும் இடித்துக்கொள்ளாத வரை. நம் ரோட்டுக்கு 37 முதல் 45 வரை நல்லது.

காற்று: 70 கிலோ எடையுள்ளவர் 40 மி.மீ. டயரில் முன்னால் 35, பின்னால் 45 பி.எஸ்.ஐ. வைத்துத் தொடங்கலாம். டயரில் அச்சிட்ட உச்ச அளவு எல்லைதான், இலக்கு அல்ல. குறைந்த அளவு போட்டிருந்தால் அதற்குக் கீழும் போகாதீர்கள். குழியில் ரிம் 'டக்' என்று இடித்தால் இரண்டு கூட்டுங்கள். கை மரத்தால் இரண்டு குறையுங்கள்.

கடைசியாக, ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய விலையில்லா சைக்கிள் இப்போது அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வருகிறது. கொடுப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. முதல் டயர் தேய்ந்ததும் கிடைத்ததை மாட்டி, கல்லாகக் காற்று அடித்து, குலுங்கிக் குலுங்கி ஓட்டும் பிள்ளை ஒரு நாள் சைக்கிளை மூலையில் சாய்த்துவிடும். பஸ் நேரத்துக்கு வராத ஊரில் அந்தப் பிள்ளைக்கு அது பள்ளிக்கூடம் தொடர்பான விஷயம். ஒரு பீரியடு ஒதுக்குங்கள். ஒரு பம்ப், ஒரு பஞ்சர் ஒட்டும் பெட்டி, ஒரு கேஜ் போதும். அழுத்தம் பற்றிய பாடம் புத்தகத்தில் இருக்கிறது. அதைச் சைக்கிள் நிறுத்துமிடத்தில் வைத்து நடத்துங்கள்.

டயர் மாற்றியவர்கள் எப்படி இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். அளவில் சந்தேகம் இருந்தால் அந்த இரண்டு எண்ணையும் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் வாத்தியார்