இரண ஜன்னி ஒழிப்பு: சான்றிதழோடு முடியாத கடமை

புது தில்லி: தாய்க்கும் பச்சிளங் குழந்தைக்கும் ஏற்படும் டெட்டனஸ் எனப்படும் இரண ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2015-ல் அறிவித்தது. சில பத்தாண்டுகளுக்கு முன்பு ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான பச்சிளங் குழந்தைகள் இந்நோய்க்கு ஆளான நாட்டில் இது பெரும் சாதனைதான். ஆயினும், "ஒழிப்பு" என்ற சொல் ஆட்சியாளர்களை அயர வைத்துவிடக் கூடாது.

பெரியம்மை ஒழிப்பு போன்றதல்ல இது. ஒவ்வொரு மாவட்டத்திலும், உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளுக்கு ஒன்றுக்கும் குறைவாகவே பாதிப்பு இருக்க வேண்டும் என்பதே இதற்கான அளவுகோல். கிருமி மண்ணிலும் சாணத்திலும் தொடர்ந்து இருக்கும். இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவதில்லை. எனவே, ஊரில் எத்தனை பேர் தடுப்பூசி போட்டுக் கொண்டாலும், போடாதவருக்கு அதனால் பாதுகாப்பு கிடைக்காது.

அசுத்தமான கருவியால் தொப்புள்கொடியை வெட்டினால், பிறந்த சில நாள்களிலேயே நோய் தாக்கக்கூடும். குழந்தைக்கு இந்நோய்க்கான முதல் தடுப்பூசி போடப்படுவதோ 6-வது வாரத்தில்தான். அதுவரை தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பாற்றலே குழந்தையைக் காக்கிறது. கர்ப்பிணிக்கு 4 வார இடைவெளியில் போடப்படும் 2 ஊசிகளால் அவரது ரத்தத்தில் உருவாகும் நோய் எதிர்ப்புப் பொருள்கள், நஞ்சுக்கொடி வழியாகக் கருவைச் சென்றடைகின்றன. 2-வது ஊசியைப் பிரசவத்துக்குக் குறைந்தது 2 வாரங்களுக்கு முன்பே போட்டாக வேண்டும். பிரசவ வலி கண்ட பிறகே மருத்துவமனைக்கு வருவோருக்கு இந்த அவகாசம் இல்லை.

மாநிலங்களுக்கிடையே உள்ள இடைவெளியும் கவனிக்கத்தக்கது. ஒழிப்பு இலக்கை முதலில் எட்டிய ஆந்திரம் 2003-லேயே அதைச் சாதித்தது. கடைசியாக எட்டிய நாகாலாந்துக்கு 2015 வரை ஆயிற்று. தேசிய குடும்பநல ஆய்வின்படி, 2005-06-ல் 38.7 சதவீதமாக இருந்த மருத்துவமனைப் பிரசவங்கள் 2019-21-ல் 88.6 சதவீதமாக உயர்ந்தன. நாகாலாந்திலோ அது 45.7 சதவீதமே. வீட்டுப் பிரசவங்கள் மிகுந்த இத்தகைய பகுதிகளில், தாய்க்குப் போடப்படும் ஊசி தவறினால் குழந்தைக்கு வேறு அரண் மிகக் குறைவு.

தடுப்பூசியை வாங்கித் தருவது மத்திய அரசு. கர்ப்பிணியைத் தேடிச் சென்று போடுவது மாநிலங்களின் சுகாதார ஊழியர்கள். இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் நோய் திரும்பக்கூடும். சுகாதாரத் துறையின் மானியக் கோரிக்கைகள் அவைக்கு வரும்போது, தேசிய சராசரியோடு நின்றுவிடாமல் மாவட்ட வாரியான கணக்கையும் உறுப்பினர்கள் கேட்டுப் பெறுவதே பொறுப்பான செயலாகும்.